தோள் மூட்டும் கிதாபுத் தஸ்ரீஃபும்

தொழுகைக்குத் தக்பீர் கட்டும்போது இரு கைகளையும் உயர்த்துகிறோம். நாளொன்றுக்குப் பலமுறை செய்யும் இச்செயலை யாரும் ஒரு செயலாக எண்ணிப் பார்ப்பதில்லை. கை உயர மறுக்கும் நாளில்தான் தோள் என்றொரு மூட்டு இருப்பது நினைவுக்கு வருகிறது. நமது ஐம்பத்து மூன்றாம் வயதில் வலத்தோள் அவ்வாறு மறுத்தது. முதலில் இரவு வலி. பின்னர் சட்டையின் கையை மாட்டுவதே பெரும்பாடு. வலப்பக்கமாகச் சாய்ந்து உறங்கும் சுன்னத்தும் கைவிட்டுப் போயிற்று. மருத்துவர் பரிசோதித்துவிட்டு ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ என்றார். தோள் இறுக்கம் என்று நாம் இங்கே தமிழில் குறிப்போம்.

நாம் ஓய்விலிருப்பதை அறிந்த நண்பர் ஒருவர், ஒரு விழா மலரைக் கொண்டுவந்து தந்தார். அதில் இஸ்லாமிய மருத்துவம் பற்றிய கட்டுரை ஒன்று இருந்தது. ஃப்ரோசன் ஷோல்டர் நோயைக் கண்டறிந்து முதன்முதல் சிகிச்சை அளித்தவர் குர்துபாவின் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி என்றும், மேலை நாட்டார் அதை எடுத்துக்கொண்டு தம் பெயரில் வெளியிட்டனர் என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. படித்ததும் உள்ளம் குளிர்ந்ததென்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அரபி கற்பிப்பவனுக்கு மூலத்தைப் பார்க்காமல் உறக்கம் வராது. அந்நாட்களில் வேறு காரணத்தாலும் உறக்கம் வரவில்லை. ஆகவே, தஸ்ரீஃபின் அறுவை மருத்துவப் பகுதியை எடுத்து வைத்துக்கொண்டு இடக்கையால் பக்கங்களைப் புரட்டத் தொடங்கினோம்.

அபுல் காசிம் கலஃப் இப்னு அப்பாஸ் அஸ்ஸஹ்ராவி சுமார் 936ஆம் ஆண்டில், குர்துபாவுக்கு அருகில் எழுந்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் பிறந்தவர்; 1013ஆம் ஆண்டளவில் மறைந்தவர். அவருடைய ‘கிதாபுத் தஸ்ரீஃப் லிமன் அஜஸ அனித் தஃலீஃப்’ முப்பது மகாலாக்களைக் கொண்ட பெருநூல். முப்பதாம் மகாலா முழுவதும் அறுவை மருத்துவம். அது மூன்று பாபுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது: சூடிடுதல் பற்றியது முதலாவது, கீறி அறுத்தல் பற்றியது இரண்டாவது, எலும்பு முறிவும் மூட்டு விலகலும் பற்றியது மூன்றாவது. கருவிகளின் வடிவங்களை வரைந்து காட்டியிருப்பது இம்மகாலாவின் தனிச்சிறப்பு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் துலைத்துலாவில் ஜெரார்டு என்பவர் இதை இலத்தீனில் பெயர்த்தார். ஐரோப்பாவின் அறுவை மருத்துவர்கள் பல நூற்றாண்டுகள் இந்நூலைப் பயின்றனர். 1973ஆம் ஆண்டில் ஸ்பிங்க், லூயிஸ் ஆகிய இருவரும் அரபி மூலத்தையும் ஆங்கிலப் பெயர்ப்பையும் இணைத்து வெளியிட்டனர்.

மூன்றாம் பாபின் முகப்பில் ஸஹ்ராவி சொல்லும் செய்தி ஒன்று நம்மை நிறுத்தியது. எலும்பு மருத்துவம் முன்னோர் நூலின் ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டாதவர்கள் கைக்குப் போய்விட்டது; அதனால் நம் நாட்டில் இக்கலை இல்லாமலேயே ஆயிற்று; இதில் தேர்ந்த ஒருவரையும் நாம் கண்டதில்லை; நமக்குக் கிடைத்ததெல்லாம் நூல்களை நெடுங்காலம் படித்ததாலும் வாழ்நாள் முழுதும் செய்து பார்த்ததாலுமே கிடைத்தது என்ற பொருளில் அவர் எழுதுகிறார். நூலும் அனுபவமும் என்ற இரண்டில் ஒன்றை மட்டும் வைத்து அவர் நிறைவடையவில்லை.

தோள் மூட்டு விலகலுக்கென்று தனி அத்தியாயமே உண்டு. விலகலை அறியும் வழியை அவர் சொல்லும் முறை அழகானது. நோயாளியின் இரு தோள்களையும் பக்கத்தில் பக்கமாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். விலகிய தோளின் உச்சியில் பள்ளம் தெரியும். கக்கத்தில் மேற்கை எலும்பின் உருண்டைத் தலை கைக்குத் தட்டுப்படும். கையைத் தலைப்பக்கம் கொண்டு போக நோயாளியால் இயலாது. அதன் பின் மூட்டைத் திரும்பப் பொருத்தும் வழிகள் வருகின்றன. உயரமான ஒருவர் தம் தோளை நோயாளியின் கக்கத்துக்கு அடியில் கொடுத்துத் தூக்கும் முறை, நோயாளியைப் படுக்க வைத்துக் கக்கத்தில் பந்துபோன்ற ஒன்றை வைத்துக் குதிகாலால் அழுத்திக் கையை இழுக்கும் முறை ஆகியவற்றை விளக்குகிறார். குதிகால் முறை கிரேக்க அறிஞர் புக்ராத்தின் பெயரால் இன்றும் வழங்குகிறது. அடிக்கடி விலகும் தோளுக்குக் கக்கத்தில் சூடிட வேண்டும் என்பது முதல் பாபில் இருக்கிறது. அதுவும் புக்ராத்திடமிருந்து வந்ததே. விலகி நாட்பட்டு இறுகிப்போன தோளுக்கு வெந்நீர்க் குளியலும் இளக்கும் ஒற்றடமும் செய்த பின்னரே மூட்டைப் பொருத்த முயல வேண்டும் என்ற கருத்தும் காணப்படுகிறது.

இத்தனையும் படித்த பின்னும் நாம் தேடியது கிடைக்கவில்லை. அடிபடாமல், விலகாமல், முறியாமல், தானாகவே வலியெடுத்து மெல்ல இறுகி, பின் மெல்லத் தளரும் ஒரு தோள் நோயைத் தனியாகப் பிரித்து ஸஹ்ராவி பேசவில்லை. இப்னு சீனா (980–1037) தம் கானூனின் மூன்றாம் கிதாபில் மூட்டு வலிகளையும், நான்காம் கிதாபில் முறிவுகளையும் விலகல்களையும் விரிவாக எழுதியிருக்கிறார். ராஸியும் மூட்டு வலி பற்றி எழுதியவர். அவர்களிடம் தோளில் வலியோடு வந்தவர்களுள் நம்மைப் போன்ற நோயாளிகள் இருந்தே இருப்பர். ஆனால் அவ்வலி ‘அவ்ஜாவுல் மஃபாஸில்’ என்ற மூட்டு வலிகளின் பெருந்தொகுப்புக்குள் அடங்கிவிட்டது. மூட்டில் தீய திரவம் இறங்கித் தங்குவதே வலிக்குக் காரணம் என்ற கொள்கையின்படி, திரவத்தின் வகையைக் கண்டு அதை வெளியேற்றுவதே சிகிச்சை. முழங்காலாயினும் தோளாயினும் அக்கொள்கைக்கு ஒன்றே. அவர்களிடம் அறிவு குறைவென்று இதற்குப் பொருளில்லை. எலும்பின் நிலையை உயிருள்ள உடலில் ஊடுருவிப் பார்க்கும் வழி இல்லாத காலத்தில், ஒரு நோயை இன்னொன்றிலிருந்து பிரிக்கும் கோடு அவர்களுக்குக் கிட்டவில்லை.

மலர் கட்டுரையாளர் செய்த பிழை எது என்பது இப்போது தெளிவாயிற்று. மூட்டு விலகலால் வரும் இறுக்கத்தையும், மூட்டுறை சுருங்குவதால் வரும் இறுக்கத்தையும் அவர் ஒன்றாக்கிவிட்டார். ஸஹ்ராவி அவ்வாறு ஒன்றாக்கியவர் அல்லர். இரண்டாவதைப் பற்றி அவர் பேசவேயில்லை, அவ்வளவுதான்.

இதைவிட நுட்பமான ஒரு செய்தியும் அந்த அத்தியாயத்தில் உண்டு. தோள் மூட்டு கீழ்நோக்கிக் கக்கத்துக்குள்ளும், மார்புப் பக்கமும், அரிதாக மேல்நோக்கியும் விலகும். பின்புறமாக விலகாது, தோள்பட்டை எலும்பு அதைத் தடுக்கும் என்பது பழைய மருத்துவ நூல்களின் கருத்து. ஸஹ்ராவியும் அதையே ஏற்கிறார். இது சரியன்று. பின்புற விலகல் அரிதுதான், ஆயினும் உண்டு. வலிப்பு நோயாலும் மின்னதிர்ச்சியாலும் அது நேரக்கூடும். இலண்டனில் ஆஸ்ட்லி கூப்பர் என்ற அறுவை மருத்துவர் 1839இல் வலிப்பு நோயாளி ஒருவரிடம் கண்ட அத்தகைய விலகலை விவரித்து எழுதினார். இதில் வியப்பு என்னவெனில், தோள் இறுக்கம் என்று மருத்துவர்கள் இன்றும் தவறாகக் கருதிவிடக்கூடிய விலகல் இந்தப் பின்புற விலகலே. இரண்டிலும் கையை வெளிப்புறமாகத் திருப்ப இயலாது. முன்புறமிருந்து மட்டும் எடுத்த எக்ஸ்ரே படத்தில் அது பார்வைக்குத் தப்பிவிடும். பக்கவாட்டிலிருந்தும் ஒரு படம் எடுக்க வேண்டும். முன்னோர் இல்லையென்று விட்ட இடத்தில்தான் இக்கால மருத்துவரும் இடறுகிறார்.

முன்னோர் கூற்றைக் கண்ணால் கண்டதைக் கொண்டு திருத்துவது நம் மரபுக்கு அந்நியமானதா? அப்துல் லதீஃப் அல்பக்தாதியை (1162–1231) இங்கே நினைக்க வேண்டும். கி.பி. 1200ஐ ஒட்டி எகிப்தில் கொடும்பஞ்சம் நேர்ந்தபோது அவர் அங்கே இருந்தார். கெய்ரோவை அடுத்த மக்ஸ் என்ற இடத்தில் மனித எலும்புகள் மேடாகக் குவிந்து கிடந்தன. மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்புகள் சேர்ந்தது என்று ஜாலீனூஸ் எழுதி வைத்திருந்தார். ஆயிரம் ஆண்டுகளாக அதையே எல்லோரும் கற்பித்து வந்தனர். அப்துல் லதீஃப் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மண்டையோடுகளைப் பார்த்தார். கீழ்த்தாடை பொருத்து இல்லாத ஒரே எலும்பு என்று கண்டார். ஜாலீனூஸின் மீது பெருமதிப்புக் கொண்டிருந்தும், புலன் தரும் சான்றே அவர் சொல்லை விட உறுதியானது என்று தம் ‘அல்இஃபாதா வல்இஃதிபார்’ நூலில் எழுதிவைத்தார். பஞ்சத்தின் பயங்கரங்களை எழுதும் அதே நூலில், அதே நடுங்காத கையால்.

தோள் இறுக்கத்தின் சொந்த வரலாறு 1872இல் பாரிஸில் தொடங்குகிறது. சிமோன் இம்மானுவேல் துப்லே என்ற அறுவை மருத்துவர், தோளின் வலிக்கும் விறைப்புக்கும் மூட்டின் உட்புறத்தைவிட மூட்டைச் சூழ்ந்த மென்திசுக்களின் அழற்சியே காரணம் என்று எழுதினார். மயக்க மருந்து வந்து ஏறத்தாழ கால் நூற்றாண்டாகியிருந்தது. நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தி, விறைத்த தோளை மருத்துவர் தம் கையால் அசைத்து விடுவிக்க வேண்டும் என்பது அவர் பரிந்துரை. 1895இல் ராண்ட்ஜன் எக்ஸ்ரே கதிர்களைக் கண்டறிந்தார். முறிவும் விலகலும் தேய்மானமும் இல்லாத தோளிலும் கை உயராமல் போகலாம் என்பதைப் படத்தோடு காட்ட அதன் பிறகே வழி பிறந்தது.

‘ஃப்ரோசன் ஷோல்டர்’ என்ற பெயரைத் தந்தவர் பாஸ்டன் நகரத்து எர்னஸ்ட் ஏமரி காட்மன் (1869–1940). தோள் பற்றிய அவரது நூல் 1934இல் வெளிவந்தது. மெல்லத் தொடங்கும் வலி, மேற்கையின் வெளிப்புறத்தில் உணரப்படும் நோவு, அப்பக்கம் படுத்து உறங்க இயலாமை, கையை உயர்த்தவும் வெளிப்புறமாகத் திருப்பவும் முடியாமை, இத்தனைக்கும் எக்ஸ்ரே படம் இயல்பாகவே இருத்தல் என்று அவர் வகுத்த அடையாளங்கள் ஏறத்தாழ இன்றும் நிற்கின்றன. நம்மிடம் மருத்துவர் கேட்ட கேள்விகள் யாவும் அவற்றுள் அடங்கிவிட்டன. இந்நோயை வரையறுப்பதும் கடினம், குணப்படுத்துவதும் கடினம், விளக்குவதும் கடினம் என்று அவர் ஒளிவின்றி ஒப்புக்கொண்டார். பெயர் வைத்தவரே இப்படிச் சொன்னது அபூர்வம்.

காட்மனின் வாழ்க்கையில் இன்னொரு பக்கம் உண்டு. அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சிகிச்சை பெற்றுச் சென்ற ஒவ்வொரு நோயாளியையும் நெடுநாள் தொடர்ந்து விசாரித்து, உண்மையில் குணமாயிற்றா என்று பதிவு செய்ய வேண்டும், குணமாகாவிடில் பிழை யாருடையது என்று எழுத வேண்டும் என அவர் வாதாடினார். சக மருத்துவர்கள் அவரை வெறுத்தனர். தாமே ஒரு சிறு மருத்துவமனை நடத்தி, 1911 முதல் 1916 வரை அங்கிருந்து சென்ற 337 நோயாளிகளின் கணக்கை அச்சிட்டார்; அதில் 123 பிழைகளைத் தாமே பட்டியலிட்டார். கடைசிக் காலத்தில் பொருள் வளமின்றி இறந்தார். கல்லறையில் பெயர்க்கல்கூட இல்லை. 2014இல்தான் அமெரிக்க அறுவை மருத்துவர்கள் கல் நாட்டினர். முப்பதாம் மகாலாவின் முன்னுரையில் ஸஹ்ராவி எழுதியது நமக்கு நினைவுக்கு வந்தது. உடற்கூறு அறியாத மருத்துவன் ஒருவன் ஒரு பெண்ணின் கழுத்துக் கட்டியைக் கீறித் தமனியை அறுத்து அவளைக் கொன்றதையும், இன்னொருவன் முதியவர் ஒருவரின் கல்லை எடுக்கப்போய்ச் சிறுநீர்ப்பையின் துண்டோடு பிய்த்ததையும் அவர் மறைக்காமல் பதிந்திருக்கிறார். ஆனால் ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும்: ஸஹ்ராவி அங்கே எழுதியது பிறர் பிழைகளை, காட்மன் எழுதியது தம் பிழைகளை.

காட்மன் நோயின் இடத்தைச் சரியாகச் சொல்லவில்லை. தோளைச் சூழ்ந்த தசைநாண்களின் அழற்சி என்றே கருதினார். 1945இல் ஜூலியஸ் நெவியாசர் அறுவையில் திறந்து பார்த்து, மூட்டைச் சுற்றிலும் தளர்வாகத் தொங்க வேண்டிய மூட்டுறை தடித்துச் சுருங்கி மேற்கை எலும்பின் தலையை இறுகப் பற்றியிருப்பதைக் காட்டினார். தளர்ந்த ஜுப்பாவின் கக்கத்தை மடித்துத் தைத்துவிட்டால் கை எப்படி உயராதோ அப்படி. உறை ஏன் சுருங்குகிறது என்பதற்கு முழு விடை இன்றளவும் இல்லை. நாற்பது முதல் அறுபது வயதுக்குள் வருகிறது. பெண்களுக்குச் சற்று அதிகம். சர்க்கரை நோயாளிகளுக்கு மற்றவர்களைவிடப் பன்மடங்கு அதிகம். தைராய்டு கோளாறோடும் தொடர்புண்டு. ஆகவே, காரணமின்றித் தோள் இறுகுமானால் இரத்தத்தில் சர்க்கரையைப் பார்ப்பது தேவை. நம் சமூகத்தில் அந்நோய் எவ்வளவு பரவியிருக்கிறதென்பதை வலீமா விருந்துகளில் உட்கார்ந்தவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

மருத்துவர் இந்நோயைக் கண்டறிய வேண்டுவது பெரும்பாலும் அவருடைய கைகளே. முழங்கையை விலாவோடு ஒட்டி மடித்து வைக்கச் செய்து முன்கையை அவரே வெளிப்புறமாகத் திருப்புகிறார். தசைநாண் கிழிந்திருந்தால் நோயாளியால் கையைத் தூக்க முடியாது. ஆனால் மருத்துவர் தூக்கினால் உயரும். தோள் இறுக்கத்தில் மருத்துவர் முயன்றாலும் ஓர் எல்லையில் நின்றுவிடும், பூட்டிய கதவைத் தள்ளுவது போல. இவ்வேறுபாட்டை அறிந்துவிட்டால் நோய் பெரும்பாலும் தெரிந்துவிடும். எக்ஸ்ரே எடுப்பது தேய்மானத்தையும் பின்புற விலகலையும் விலக்குவதற்காக. ஐயமிருந்தால் மட்டுமே ஸ்கேன்.

சிகிச்சையில் எக்காலத்தும் இரு கட்சிகள் இருந்துள்ளன: வலுவில் விடுவிக்கும் கட்சி, பொறுத்திருக்கும் கட்சி. துப்லே முதற்கட்சி. காட்மன், நீண்டு நிற்கும் நோயும் இரண்டாண்டளவில் சிகிச்சை உண்டோ இல்லையோ தீர்ந்துவிடும் என்று நம்பியவர். குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஊசல்போல் ஆட்டும் பயிற்சி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. 1950களில் மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடும் முறை வந்தது. தொடக்க மாதங்களின் வலியை அது தணிக்கிறது. சர்க்கரை நோயாளிக்கு ஊசிக்குப் பின் சில நாட்கள் சர்க்கரை ஏறும் என்பதை மருத்துவர் முன்பே சொல்லிவிட வேண்டும், நமக்குச் சொல்லப்படவில்லை. 1965இல் திரவத்தைச் செலுத்தி உறையை விரிக்கும் முறையும், பின்னர் நுண்துளை வழியாக உறையை வெட்டிவிடும் முறையும் சேர்ந்தன.

காட்மனின் நம்பிக்கை முழுதும் சரியன்று என்பதைப் பின்வந்தோர் அவர் வழியிலேயே நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்துக் காட்டினர். 1992இல் வெளியான ஓர் ஆய்வு, 62 நோயாளிகளைச் சராசரி ஏழாண்டுகள் கழித்துப் பார்த்தது. அவர்களில் பாதிப்பேரிடம் சிறு வலியோ சிறு இறுக்கமோ எஞ்சியிருந்தது. ஆயினும் வலுக்கட்டாயமும் தோற்றது. நெதர்லாந்தில் 77 நோயாளிகளை ஆராய்ந்து 2004இல் வெளியிட்டனர்: வலியின் எல்லைக்குள் மென்மையாகக் கையை அசைத்தவர்களில் 89 விழுக்காட்டினர் இரண்டாண்டில் நன்கு தேறினர், வலியைத் தாண்டித் தீவிரமாக இழுத்துப் பயிற்சி செய்தவர்களில் 63 விழுக்காட்டினரே தேறினர். 2020இல் பிரிட்டனின் 35 மருத்துவமனைகளில் 503 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு வெளியாயிற்று. மயக்கத்தில் அசைத்து விடுவித்தல், நுண்துளை அறுவை, ஊசியோடு கூடிய இயன்முறைப் பயிற்சி ஆகிய மூன்றில் எதுவும் மற்றவற்றை ஓராண்டு முடிவில் பொருட்படுத்தத்தக்க அளவு வெல்லவில்லை. அறுவையில் தீங்குகள் சற்று மிகுந்திருந்தன. எனவே நம் ஊரில், எண்ணெய் தடவிக் கையைத் திருகி ‘ஒரே இழுப்பில்’ சரியாக்குவதாகச் சொல்பவரிடம் தோளைக் கொடுப்பவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது, கொடுக்காதீர்கள் என்பதே. இறுகிய உறையை அவ்வாறு இழுத்தால், எலும்பு முறிய நேரலாம். மெலிந்த எலும்புள்ள முதிய பெண்களுக்கு இவ்வச்சம் இன்னும் மிகுதி.

மலர் ஆசிரியருக்கு இவற்றையெல்லாம் சுருக்கி மடல் எழுதினோம். முன்னோரின் புகழைக் குறைப்பதற்கு நம் கல்லூரி ஆசிரியரே முன்வரலாமா என்று பதில் வந்தது. ஸஹ்ராவியின் புகழுக்கு அவர் செய்ததே போதும். செய்யாததை ஏற்றிச் சொன்னால், சரிபார்க்கும் முதல் வாசகன் செய்ததையும் சேர்த்தே ஐயுறுவான் என்று மீண்டும் எழுதினோம். அதற்குப் பதில் இல்லை.

நோயுற்ற ஆண்டில் மாணவர்கள் நம்மிடம் மசாயில் கேட்கத் தயங்கினர். ஒருவர் மட்டும், தக்பீரில் ஒரு கை உயரவில்லையெனில் தொழுகைக்குக் குறையுண்டா என்று கேட்டார். கை உயர்த்துவது சுன்னத்; இயன்ற அளவு உயர்த்தினால் போதும்; ஒரு கை மட்டும் உயருமாயின் அதை உயர்த்த வேண்டும் என்று ஷாஃபிஈ ஃபிக்ஹு நூல்களில் உள்ளதைக் காட்டினோம். அவர் தம் தாயாருக்காகக் கேட்டதாகச் சொன்னார். அவர் தாயாருக்குச் சர்க்கரை பார்த்தாயிற்றா என்று நாம் கேட்டோம்.

முதன்முதல் சென்ற நாளில் மருத்துவர் நம்மைச் சட்டையைக் கழற்றச் சொன்னார். தொடுவதற்கு முன் நான்கடி தள்ளி நின்று, இடத்தோளையும் வலத்தோளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். தஸ்ரீஃபில் படித்தது அப்போது நமக்குத் தெரியாது.